ஆளுக்கேற்ற ஆசனம்

தலைநகரில் வாழும் தமிழர்களுக்குச் சரோஜினி நகரைப் பற்றி எடுத்துரைக்க வேண்டிய தேவையில்லை. நாடு விடுதலை பெற்றபின், மத்திய அரசு ஊழியர்களுக்கென விநய் நகர் என்ற பெயரில் எழுந்து, பின்னர் கவியரசி சரோஜினி நாயுடுவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. 2016-ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இசைவளித்த மறுகட்டமைப்புத் திட்டத்தின்கீழ் அங்கிருந்த பழைய குடியிருப்புகள் பல இடிபட்டு, உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்கு இடம் கொடுத்தன. ஆயினும் விநாயகர் கோயிலும் கடைத்தெருவும் தத்தம் இடத்தில் நிலைத்திருக்கின்றன. வேறு குடியிருப்புகளுக்கு மாறிச் சென்ற நம்மவரும் வெள்ளிக்கிழமை மாலையானால் இளஞ்சிவப்புத் தடத்து மெட்ரோவில் ஏறி அக்கோயிலுக்கு வந்து சேர்கின்றனர்.

வழிபாடு முடிந்து பிராகாரத்தில் அமர்ந்திருப்பவர்களின் உரையாடலைச் சற்றே செவிமடுத்தால் ஓர் உண்மை விளங்கும். ஊரிலுள்ள வீட்டைப் பற்றியும் பிள்ளைகளின் தமிழைப் பற்றியும் பேசி ஓய்ந்த பிறகு, பேச்சு உடல்வலிக்கு வந்து நிற்கும். கழுத்தைத் திருப்ப இயலவில்லை என்பார் ஒருவர். வலத்தோள் எரிகிறது என்பார் மற்றொருவர். தில்லிக் குளிரே காரணம் என்று ஒரு சாரார் தீர்ப்பளிக்க, வயது என்று மறு சாரார் முடித்து வைப்பர். தைலத்தின் பெயர்கள் கைமாறும். “தாங்கள் நாள்தோறும் எட்டு மணி நேரம் எத்தகைய நாற்காலியில் அமர்கிறீர்கள்? மேசை எவ்வளவு உயரம்?” என்று எவரும் எவரையும் கேட்டு நாம் அறிந்ததில்லை. நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை. நம் கழுத்தே நம்மைக் கேட்க வைத்தது.

நாம் மொழிபெயர்ப்புத் தொழில் புரிபவர். இருபதாண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளையும் விதிகளையும் தமிழாக்கி வருகிறோம். இத்தொழிலில் மூளைக்குத்தான் உழைப்பு, உடலுக்கு ஓய்வே என்று உறவினர் நினைப்பதுண்டு. அவர்களுக்கு மறுமொழியாகச் சொல்வதற்கு நமக்கு ஒரு பழைய சான்று கிடைத்தது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, தொழிலாளரைப் பற்றும் நோய்களைக் குறித்து 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதை விரிவாக்கியபோது எழுத்தர்களையும் அதில் சேர்த்தார். அவர்களின் துன்பத்துக்கு அவர் கண்ட காரணங்கள் மூன்று: ஓயாது அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் இடைவிடாது அசைத்தல், பிழை நேராதிருக்க வேண்டுமே என்ற மன இறுக்கம். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும், இறகுப் பேனா போய்த் தட்டச்சுப் பொறி வந்து, அதுவும் போய்க் கணிப்பொறி வந்த பின்னரும், அம்மூன்றில் ஒன்றும் மாறவில்லை என்பது வியப்பன்றோ!

உழைப்புக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் துறைக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயர். உழைப்பு எனப் பொருள்படும் ‘எர்கோன்’, நெறி எனப் பொருள்படும் ‘நோமோஸ்’ என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, போலந்து நாட்டு இயற்கையறிஞர் யாஸ்ட்செம்போவ்ஸ்கி 1857-இல் இச்சொல்லைப் படைத்தார். அதை அறியாமலே 1949-இல் இங்கிலாந்தில் முரெல் என்பவர் அதே சொல்லை மீண்டும் வழங்கலானார். இரண்டாம் உலகப் போரின்போது, விமானியின் கைக்கும் கண்ணுக்கும் பொருந்தாமல் அமைந்த கருவிகள் தேர்ந்த வீரனையும் பிழை செய்ய வைத்தன என்று கண்ட அறிவே இத்துறைக்கு உரமாயிற்று. தமிழ்க் கலைச்சொல்லாகப் ‘பணிச்சூழலியல்’ வழக்கில் உள்ளது. நாமும் அதைப் பல இடங்களில் எழுதியிருக்கிறோம். எனினும் முழு மனநிறைவோடு எழுதவில்லை. சூழல் என்றால் காற்றும் மரமும் நினைவுக்கு வருகின்றனவே ஒழிய, மேசை விளிம்பும் முழங்கையும் வருவதில்லை. நம் பாட்டிமார் அம்மியையும் ஆட்டுரலையும் குழவியின் எடையையும் தத்தம் கைக்குத் தக்கவாறு தேர்ந்து வாங்கினர். அதற்குப் பெயர் வைக்கவில்லை. நிற்க.

இத்துறையைக் கற்பிக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள். ஏனெனில், நமக்குத் தெரிந்த வரையில், கற்பிக்கும் முறை தவறினால் இத்துறையால் ஒருவருக்கும் பயனில்லை.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில் இதுபற்றிய சொற்பொழிவு நிகழ்ந்தது. வந்தவர் நன்கு கற்றவர். படங்கள் தெளிவாக இருந்தன. முழங்கால் செங்கோணமாக மடிய வேண்டும், முழங்கை செங்கோணமாக மடிய வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று அவர் விளக்கியதை, முதுகு சாயாத பிளாஸ்டிக் நாற்காலிகளில் வளைந்து அமர்ந்தவாறு நாம் அனைவரும் குறிப்பெடுத்தோம். தேநீரும் சமோசாவும் வந்தன. மறுநாள் காலை நம் மேசைக்குச் சென்றபோது எல்லாம் முன்னாள் போலவே இருந்தன, கழுத்தும் அப்படியே. யாரைக் குறை கூறுவது? படத்திலிருந்த மனிதர் உயரமானவர். அவருடைய நாற்காலியில் உயரத்தை மாற்றும் நெம்புகோல் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடி அணியவில்லை. அவருடைய இடப்பக்கத்தில் மொழிபெயர்க்க வேண்டிய நாற்பது பக்கம் தட்டையாகக் கிடக்கவுமில்லை. நம் துன்பம் எதுவும் அவருக்கு இல்லாததால், அவருக்குரிய மருந்து நமக்குப் பலிக்கவில்லை.

இக்குறையை உணர்ந்து வேறு வழி கண்டவர்கள் உண்டு. ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1988-இல் சிறுதொழில் நடத்துவோருக்கென ஒரு செயல்கையேட்டை வெளியிட்டது. அதை ஆக்கிய மூவருள் ஜப்பானிய அறிஞர் கசுதகா கோகியும் ஒருவர். சிறு தொழிற்கூடங்களில் பணிமேம்பாடு என்னும் பயிற்சித் திட்டம் அதை அடியொற்றிப் பிலிப்பைன்ஸ் முதலிய ஆசிய நாடுகளில் பரவிற்று. பின்னர் வியட்நாமின் கான் தோ வட்டாரத்தில் உழவர் குடும்பங்களுக்கு ஏற்றவாறும் அது மாற்றியமைக்கப்பட்டது. 1996-இல் அதே நிறுவனம், சர்வதேசப் பணிச்சூழலியல் சங்கத்தோடு கூடி, சரிபார்ப்புக் குறிப்புகள் அடங்கிய நூலொன்றைக் கொணர்ந்தது; 2010-இல் திருத்திய பதிப்பு வந்தது. அதில் 132 குறிப்புகள் உள்ளன.

அம்முறையின் நுட்பம் எங்கே இருக்கிறது? பயிற்சி, உரையோடு தொடங்குவதில்லை. முதல் வேலையாக அனைவரும் ஒரு மெய்யான பணியிடத்தைக் கையில் தாளோடு சுற்றி வருகின்றனர். தாளிலுள்ள ஒவ்வொரு வரியும் செய்யக்கூடிய ஒரு செயலைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, அடிக்கடி எடுக்கும் பொருளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது. அதன் எதிரே “இங்குக் குறை உண்டா?” என்ற வினா இராது. “இதைச் செய்ய வேண்டுமென்று முன்மொழிகிறீரா? இல்லை, ஆம், முதன்மையாக” என்றே இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சிறு வேறுபாடு. அரசு அலுவலகத்தில் வாழ்ந்தவர்க்கு அதன் பெருமை புரியும். குறை உண்டா என்று கேட்டால் பொறுப்பாளர் தற்காப்புக்கு எழுவார். ஊழியர் வாய் மூடுவார். எதைச் செய்யலாம் என்று கேட்டால் இருவரும் ஒரே மேசையைக் குனிந்து பார்ப்பர். இன்னொன்றும் உண்டு. கெட்ட எடுத்துக்காட்டுகளைப் படம் பிடித்து எள்ளுவதில்லை. அண்மையில் எங்கேனும் ஒருவர் கைக்காசில் செய்து வைத்த நல்ல ஏற்பாட்டைத் தேடிப் பிடித்து, அதையே பிறர்க்குக் காட்டுகின்றனர்.

இம்முறையைப் பின்பற்றிச் சரோஜினி நகரில் நண்பர்கள் சிலர் கூடி ஒரு ஞாயிறு முற்பகலைச் செலவிட்டோம். பன்னிரண்டு பேர், அவருள் ஒருவர் இயன்முறை மருத்துவர். ஒரு வீட்டின் முன்னறையே பயிற்சிக்கூடம். தையற்காரரின் அளவுநாடா ஒன்று, பழைய செய்தித்தாள் கட்டுகள், துணி சுற்றிய செங்கற்கள், குளியல் துண்டுகள், ஒரு மரப்பலகை ஆகியவையே கருவிகள். இயன்முறை மருத்துவர் ஐந்து நிமிடங்களுக்கு மேல் பேசுவதில்லை என்று முன்னரே வாக்களித்திருந்தார். அவர் வாக்குக் காத்தது தமிழ்க் கூட்டங்களில் அரிதான நிகழ்ச்சி.

இருவர் இருவராகப் பிரிந்தோம். ஒருவர் அமர, மற்றவர் அளக்க வேண்டும். பாதம் தரையில் படிய அமர்ந்தவரின் உள்ளங்காலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை ஓர் அளவு. தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் செய்து, இருக்கையிலிருந்து முழங்கை வரை இன்னோர் அளவு. இரண்டையும் கூட்டினால், அவர் தட்டச்சுச் செய்வதற்கு உரிய மேசையின் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இவ்வளவே கணக்கு.

நம்மிடையே ஓர் அம்மையார் இருந்தார். ஓர் அலுவலகத்தில் உதவியாளர், திருநெல்வேலிப் பக்கத்தவர். உயரம் 152 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமும் அதையொட்டியதே. இரு தோள்களிலும் எரிச்சல், மாலையில் தலைவலி. ஓய்வூதியம் குறைந்தாலும் பரவாயில்லை, விருப்ப ஓய்வு பெற்று விடலாமா என்று ஓராண்டாக எண்ணி வந்தார். மகளின் கல்லூரிப் படிப்பு முடிய இன்னும் இரண்டாண்டு இருந்தமையால் விண்ணப்பம் மேசையறையிலேயே கிடந்தது. அவரை அளந்தபோது முதல் அளவு 39 சென்டிமீட்டர், இரண்டாம் அளவு 21. கூட்டினால் 60. அவருடைய அலுவலக மேசையோ 75 சென்டிமீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் வேறுபாட்டை இத்தனை ஆண்டுகளாக யார் ஈடு செய்து வந்தார்? அவருடைய தோள்களே! காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை அவற்றைத் தூக்கிப் பிடித்தவாறே அவர் தட்டச்சுச் செய்திருக்கிறார். தாம் தூக்கிப் பிடித்திருப்பதையே அவர் அறியவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அக்காலத்துக் காரியாலயங்களில் எழுதுவதற்கு ஒரு மேசையும், தட்டச்சுப் பொறிக்கு அதனினும் மூன்று நான்கு அங்குலம் தாழ்ந்த வேறொரு மேசையும் இருந்தன. பொறியின் விசைகள் மேசைக்கு மேலே உயர்ந்து நிற்பதால், அதைத் தாழ்வான மேசையில் வைத்தனர். கணிப்பொறி வந்ததும் தட்டச்சு மேசைகள் கழித்துக் கட்டப்பட்டன; கணிப்பொறி எழுதுமேசையின்மீது ஏறி அமர்ந்தது. பேனாவுக்காகச் செய்த உயரம் விசைப்பலகைக்கு உயரமாகிவிட்டது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மேசையின் கால்களை அறுத்துவிடலாம் என்றார் ஓர் இளைஞர். அரசு உடைமையாகிய மேசையின் காலை அறுப்பதற்குக் கோப்பு எத்தனை மேசைகளைக் கடந்து செல்ல வேண்டும் என்பதை மூத்தவர் ஒருவர் அவருக்கு எடுத்துரைத்தார். ஆகவே வேறு வழி தேடினோம். மேசை தாழாது எனில் ஆள் உயர வேண்டும். அவருடைய அலுவலக நாற்காலி 45 சென்டிமீட்டர். அதன்மீது ஒன்பது சென்டிமீட்டர் தடிப்புள்ள கெட்டியான பஞ்சு மெத்தை ஒன்றை வைத்தால் 54 ஆகும். அப்போது கால் அந்தரத்தில் தொங்குமே? தொங்கினால் தொடையின் அடிப்புறம் அழுந்திக் கால் மரத்துப்போகும். ஆகவே பாதத்தின் கீழே பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல்லும் பலகையும் வைத்தோம். முன்னறையிலிருந்த உயரமான மேசையில் இவ்வாறே ஒப்பனை செய்து அவரை அமர்த்தியபோது, அவருடைய தோள்கள் மெல்லக் கீழே இறங்குவதை மற்றவர் அனைவரும் கண்ணாரக் கண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்தார்.

அடுத்து நம் முறை. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொற்பொழிவில் கேட்டதற்கிணங்க, நாம் திரையின் கீழே இரண்டு பழைய அகராதிகளை வைத்து உயர்த்தியிருந்தோம். அதன் பிறகே கழுத்துவலி மிகுந்தது. ஏன் என்று விளங்காமல் தவித்தோம். அன்று நம்மோடு இணையாக நின்றவர் பக்கவாட்டில் இருந்து பார்த்துவிட்டு, “தாங்கள் வானத்தைப் பார்ப்பவர்போல மோவாயை உயர்த்திக்கொண்டல்லவோ படிக்கிறீர்கள்!” என்றார். உண்மைதான். நாற்பதைக் கடந்த நாம் இருபார்வைக் கண்ணாடி அணிகிறோம். அதன் அடிப்பகுதி வழியாகவே அண்மையில் உள்ளது தெரியும். திரையை உயர்த்த உயர்த்த, கீழ்க்கண்ணாடி வழியே அதைக் காண்பதற்காகத் தலையைப் பின்னே சாய்த்து வந்தோம். அகராதிகளை அகற்றித் திரையைத் தாழ்த்திச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்தவுடன் மோவாய் இறங்கியது. பொதுவிதி தவறன்று, அது நம் கண்ணாடியை அறியாது. நம்மால் நம்மைப் பக்கவாட்டில் காணவும் இயலாது. பிறர் கண் தேவைப்படுவது இதனாலேயே.

இடப்பக்கத்தில் தட்டையாகக் கிடக்கும் மூலப்படியும் கழுத்துக்குப் பகை. வாக்கியத்துக்கு ஒருமுறை தலை இடப்புறம் குனிந்து திரும்புகிறது. ஒரு நாளில் எத்தனை வாக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கும் ஒருவர் வழி வைத்திருந்தார். வீட்டில் பாராயணத்துக்கு வைத்திருக்கும் மரத்தாலான மடக்குத் தாங்கி, நாம் வியாசபீடம் என்கிறோமே, தில்லியில் ரெஹல் என்று விற்பது, அதைத் திரையின் அருகே சிறு பெட்டிமீது நிறுத்தி மூலத்தை அதில் சாய்த்து வைத்திருந்தார். பழைய தட்டச்சர்களிடம் இருந்த தாள்தாங்கியும் இதே வேலையைத்தான் செய்தது. இராமாயணம் வைத்த பீடத்தில் கொள்முதல் விதிகளை வைப்பது தகுமா என்று ஒருவர் கேட்டார். விடை கூற யாரும் முன்வரவில்லை.

பிற்பகலில் கடைத்தெருவுக்குச் சென்றோம். பாபு மார்க்கெட் பக்கம், புடவைக்கு ஓரம் தைத்துக் கொடுக்கும் முதியவர் ஒருவர் நம்மிற் பலருக்குப் பழக்கம். எல்லோரும் அவரை மாஸ்டர்ஜி என்றே அழைப்பர். கால்மிதி எந்திரம், அதன்முன் ஒரு முக்காலி, தலைக்குப் பின்னே தொங்கும் ஒரு விளக்கு. அவருடைய தொழிற்கூடம் அவ்வளவே. காலையில் கற்ற வித்தையை அவரிடம் காட்டும் ஆவல் நமக்கு. முதுகுக்குச் சாய்வு வைக்கலாம் என்றோம். அவர் நகைத்தார். தைப்பவன் முன்னே சாய்கிறான், பாபுஜி; பின்னே இருக்கும் சாய்வு யாருக்கு என்று இந்தியில் கேட்டார். முக்காலியை உயர்த்தலாம் என்றோம். உயர்த்திப் பார்த்தோம், முழங்கால் எந்திரத்தின் அடிப்பலகையில் இடித்தது. இரண்டு விரல் உயரத்துக்கு மேல் இயலவில்லை. நம் கணக்கு அங்கே தோற்றது.

பிறகு அவரையே கேட்டோம்: எது தொந்தரவு? பின்கழுத்து என்றார். ஊசிமுனையைக் காணக் குனிய வேண்டியிருக்கிறது. ஏன் அவ்வளவு குனிகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே உற்றுப் பார்த்தபோது, விளக்கு அவர் தலைக்குப் பின்னே இருப்பதால் அவர் தலையின் நிழலே ஊசியின்மீது விழுவது தெரிந்தது. கம்பியை நீட்டி விளக்கை இடப்பக்கம் தாழ்த்திக் கட்டினோம். அதைக் கண்டதும் அவருக்கே இன்னொரு யோசனை பிறந்தது. எந்திர மேசையின் பின்கால்கள் இரண்டின் கீழும் மரத்துண்டு வைத்து, பலகை தம்மை நோக்கிச் சற்றே சாயுமாறு செய்தார். சாய்ந்த பலகையில் துணி கண்ணுக்கு அருகே வருகிறது. கழுத்து குறைவாகக் குனிகிறது. தையல் மேசையைச் சாய்வாக அமைத்தால் கழுத்துக்கு நலம் என்பது ஆராய்ச்சியாளரும் கண்ட முடிவே. அவர்களைப் படிக்காமலே மாஸ்டர்ஜி அங்கே வந்து சேர்ந்தார். உடனே கத்தரிக்கோலும் சுண்ணக்கட்டியும் உருண்டு விழுந்தன. அவர் தளரவில்லை, பலகையின் முன்விளிம்பில் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை ஆணியால் அறைந்து தடுத்தார். நாம் அனைவரும் கைகட்டி நின்று பார்த்தோம். ஊராருடைய தோளையும் கையையும் வாழ்நாளெல்லாம் அளந்தவர், தம் முக்காலியை அன்றுதான் முதன்முறையாக அளந்ததாகக் கூறினார்.

கடைத்தெருவில் நாம் கண்ட பெருந்துன்பம் வேறு. ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளைக் கூவி விற்கும் இளைஞர்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்கின்றனர். ஒரு முக்காலிகூட இல்லாத கடைகள் பல. இது நம் தமிழகத்துக்குப் புதிதன்று. துணிக்கடைகளில் அமர இடமின்றி நாள் முழுதும் நின்ற பெண்களின் துயரை அறிந்தே, 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அமர்வதற்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கிற்று. 2018-இல் கேரளம் இதற்கு வழிகாட்டியது. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை, நின்று பணிபுரிவோர்க்கு அமரும் ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. சட்டத்தின் இருக்கைக்கும் கடையின் இருக்கைக்கும் இடையே உள்ள தொலைவை மட்டும் நாம் அளக்க முற்படவில்லை. நம் நாடா போதாது. ஒரு கடைக்காரர் மட்டும், விற்பனையில்லாத வேளையில் பையன் சாய்ந்து நிற்பதற்கென, சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகையைப் பொருத்தி வைத்திருந்தார். அதைப் படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த கடைக்காரர் எதற்காக என்று கேட்டார், சொன்னோம்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் கூடுவது இம்முறையின் இன்றியமையாத பகுதி. கூடினோம். எல்லாம் வெற்றி என்று எழுத ஆசைதான். ஆனால் மூவர் ஒன்றுமே செய்யவில்லை, ஒருவர் வரவேயில்லை. ஒருவர் மேசையடியில் வைத்த கால்பலகையைத் துப்புரவு செய்பவர் குப்பையென்று அகற்றிவிட்டார். இருமுறை மீட்டும் மூன்றாம் முறை காணவில்லை. அடுத்ததில் தம் பெயரை வண்ணத்தால் எழுதப்போவதாக அவர் கூறினார். இன்னொரு நண்பருக்கோ, விசைப்பலகையைத் தாழ்த்தியும் மணிக்கட்டு குணமாகவில்லை. இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் உறக்கம் கலைகிறது என்றார். இயன்முறை மருத்துவர் உடனே அவரை நிறுத்தி, இது மேசையால் தீர்வதன்று, மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதற்கான அறிகுறி, மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று கண்டிப்பாகக் கூறினார். மரத்துப்போதல், கைப்பிடி தளர்தல், வலி கைவழியோ கால்வழியோ இறங்குதல் ஆகியவை தோன்றினால் பலகையும் மெத்தையும் தேடிக்கொண்டு நாள் கடத்தலாகாது.

திருநெல்வேலி அம்மையார் வந்திருந்தார். தலைவலி குறைந்துவிட்டது, தோள் எரிச்சல் மாலையில் மட்டும் இருக்கிறது என்றார். அது முற்றிலும் போகாமைக்கும் காரணம் கண்டுபிடித்தோம். எலியெனப்படும் சுட்டுக்கருவியை விசைப்பலகைக்கு வெகு வலப்புறம் வைத்துக் கையை நீட்டியே இயக்கி வந்திருக்கிறார். அதை அருகே இழுத்தால், எண்விசைகள் குறுக்கே நின்றன. எண்விசை இல்லாத சிறிய விசைப்பலகையைத் தம் பணத்தில் வாங்குவதா, அலுவலகத்தில் கேட்பதா என்று நெடுநேரம் வாதித்தோம். எழுத்தில் கேட்பதென்று முடிவாயிற்று. விண்ணப்பத்தை நாமே வரைந்து கொடுத்தோம். அளவுகளையும் அதில் குறித்தோம். வலிக்கிறது என்று எழுதினால் விடுப்பு எடுத்துக்கொள்ளுமாறு விடை வரலாம். 75-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாட்டை எழுதினால் யாரேனும் ஒருவர் அதற்குக் குறிப்பு எழுதியே ஆக வேண்டும். விருப்ப ஓய்வு விண்ணப்பம் என்னவாயிற்று என்று அவரை நாம் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

மாட்டுங்காவிலும், பெங்களூரிலும், கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள் இதைத் தத்தம் தமிழ்ச்சங்க மண்டபத்தில் செய்து பார்க்கத் தடையொன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம், மிகுந்தால் சொற்பொழிவாகிவிடும். அலுவலர் மட்டுமன்றி, சலவைத் துணி தேய்ப்பவர், சமையற்கலைஞர், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குபவர் ஆகியோரையும் அழையுங்கள். மேசையில்லாத அவர்கள் பணியே அதிகம் கற்பிக்கும். இயன்முறை மருத்துவர் ஒருவராவது உடனிருத்தல் நலம். ஒவ்வொருவரும் தம் பணியிடத்தின் அளவுகளைக் குறித்துக்கொண்டும், அமர்ந்து பணிபுரியும் தம்மைப் பக்கவாட்டில் கைப்பேசியால் படம் எடுக்கச் செய்தும் வருதல் வேண்டும். தொழிற்கூடம் நடத்துவோர் மேற்கொண்டு உதவி விரும்பினால், மும்பையில் சயான் பகுதியிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனத்தையும், சென்னை, கான்பூர், கொல்கத்தா, பரிதாபாத் ஆகிய இடங்களிலுள்ள அதன் வட்டார நிறுவனங்களையும் நாடலாம்; தொழிற்சாலைகளின் பாதுகாப்பும் உடல்நலமும் பற்றிய பயிற்சிகளை அவை நடத்துகின்றன.

நம் அடுத்த கூட்டத்துக்கு மாஸ்டர்ஜியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம் பக்கத்தில் பொத்தான் துளையிடும் தோழரின் எந்திரத்துக்கும் மரத்துண்டு வைத்தாயிற்றாம். அவருடைய கால் குட்டையாதலால் வேறு உயரம் தேவைப்பட்டதாம். அளவுநாடாவை நாம் கொண்டுவர வேண்டாம், தம்முடையதையே எடுத்து வருவதாகவும் கூறினார்.